நோயுறாதவரையும் எண்ணுவோம்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். ‘நகரில் ஒரே வாரத்தில் 200 பேருக்கு டெங்கு’ என்பது போன்ற தலைப்பில் அது வெளிவரும். படிப்பவருள் சிலர் அஞ்சுவர். சிலர், ஆண்டுதோறும் வருவதுதானே என்று பக்கத்தைப் புரட்டுவர். அஞ்சியவருக்கும் சரி, அலட்சியப்படுத்தியவருக்கும் சரி, 200 என்னும் அந்த எண் தனித்து நின்று எதையும் தெரிவிப்பதில்லை. இருபதாயிரம் பேர் வாழும் ஊரில் 200 பேரா, இருபது இலட்சம் பேர் வாழும் நகரில் 200 பேரா? சென்ற ஆண்டு இதே வாரத்தில் எத்தனை பேர்? எத்தனை பேரைச் சோதித்ததில் இந்த 200 கிடைத்தது? இவ்வினாக்களுக்கு விடை தெரியாதவரை நம் அச்சத்துக்கும் அடிப்படை இல்லை, நம் அலட்சியத்துக்கும் அடிப்படை இல்லை.

வணிகவியல் பட்டம் பெற்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வங்கிப் பணியில் இருக்கும் எனக்கு இத்தகைய வினாக்கள் பழகியவை. ஒரு கிளையில் 50 கடன்கள் வாராக்கடன்களாகிவிட்டன, மற்றொரு கிளையில் 20 கடன்கள் அவ்வாறு ஆயின என்றால், எந்தக் கிளை நன்கு நடைபெறுகிறது என்று அனுபவமுள்ள எந்த அலுவலரும் உடனே கூறிவிட மாட்டார். முதற்கிளை வழங்கிய கடன்கள் 5,000, இரண்டாவது கிளை வழங்கியவை 400 என்று தெரிந்த பின்னரே, முன்னதில் நூற்றுக்கு ஒன்று, பின்னதில் நூற்றுக்கு ஐந்து என்னும் உண்மை வெளிப்படும். பின்னத்தின் மேலே நிற்கும் தொகுதியை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறாமல், கீழே நிற்கும் பகுதியையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம்.

நோய்ப்பரவலியல் என்னும் துறையின் முதற்பாடமும் அதுவே. மருத்துவர் தம் முன் அமர்ந்திருக்கும் நோயாளியைப் பார்க்கிறார். நோய்ப்பரவலியல் அறிஞரோ ஊர் முழுவதையும் பார்க்கிறார். யாருக்கு நோய் வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது என்று கேட்கிறார். அத்துடன் நில்லாமல், யாருக்கு வரவில்லை என்றும் கேட்கிறார். பொதுச் சுகாதாரத்தின் பெரும்பகுதி இந்நான்காவது வினாவிலிருந்து பிறந்தது. இதைக் கேட்க மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றிருக்க வேண்டுவதில்லை. விழுக்காடு கணக்கிடத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவருக்கு இது போதும் பாடமே. எனவே நோய்ப்பரவலியலின் அடிப்படைகளைப் பள்ளிப் பருவத்திலேயே நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

முசாபர்பூர் கற்பித்தது

பீகார் மாநிலத்தின் முசாபர்பூர் மாவட்டம் லிச்சிப் பழத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே 1995ஆம் ஆண்டு முதல், மே, ஜூன் மாதங்களில் சிறு குழந்தைகள் திடீரெனப் பாதிக்கப்படும் நிகழ்வு பதிவாகி வந்தது. முந்தைய நாள் நலமாக விளையாடிய குழந்தை விடியற்காலையில் வலிப்புடன் நினைவிழக்கும். பருவமழை வந்ததும் நோய் மறைந்துவிடும். மூளைக்காய்ச்சல் கிருமி, வெப்பம், பூச்சிமருந்து எனப் பல காரணங்கள் ஐயுறப்பட்டன. 2014ஆம் ஆண்டு மே இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை இரண்டு மருத்துவமனைகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 122 பேர் இறந்தனர்.

அவ்வாண்டு தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இணைந்து ஓர் ஆய்வை மேற்கொண்டன. இந்நோய் கண்ட 104 குழந்தைகளின் பெற்றோரிடம், நோய் வருவதற்கு முந்தைய நாளில் குழந்தை என்ன உண்டது, எங்கே சென்றது என்று கேட்டனர். நோயுற்ற குழந்தைகளைப் பற்றிய விடைகளை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. லிச்சி விளையும் ஊரில், லிச்சி விளையும் பருவத்தில், பெரும்பாலான குழந்தைகள் அதை உண்டிருப்பார்கள் அல்லவா? எனவே, வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, ஏறத்தாழ அதே வயதுடைய 104 குழந்தைகளைப் பற்றியும் அதே வினாக்களைக் கேட்டனர். இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வேறுபாடு தெளிவாயிற்று. நோய்க்கும் லிச்சி உண்டதற்கும் வலுவான தொடர்பு இருந்தது. முந்தைய இரவு உணவு உண்ணாத குழந்தைகளிடம் அத்தொடர்பு மேலும் வலுவாக இருந்தது.

உடலில் சேமிப்பாக உள்ள சர்க்கரை தீர்ந்தபின், வேறு பொருள்களிலிருந்து உடல் புதிதாகச் சர்க்கரையை உண்டாக்கிக்கொள்கிறது. அவ்வழியைத் தடுக்கும் இயற்கை நச்சுப்பொருள்கள் லிச்சியில் உள்ளன. நல்ல ஊட்டத்துடன் இரவு உணவும் உண்ட குழந்தைக்குப் பெரும்பாலும் கேடில்லை. பகலெல்லாம் தோப்பில் பழம் தின்றுவிட்டு வெறும் வயிற்றுடன் உறங்கிய, ஊட்டம் குறைந்த குழந்தைக்கு விடியற்காலையில் சர்க்கரை அபாய அளவுக்குக் குறைந்துவிடுகிறது. லிச்சி உண்பதைக் குறைக்க வேண்டும், எந்தக் குழந்தையும் இரவு உணவின்றி உறங்கக் கூடாது, நோயுற்ற குழந்தைக்கு உடனே சர்க்கரை ஏற்ற வேண்டும் என்பன ஆய்வாளர் தந்த பரிந்துரைகள்.

ஆயினும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதே பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மீண்டும் உயிரிழந்தனர். கடும் வெப்பத்துக்கும் ஊட்டக்குறைவுக்கும் இதில் எவ்வளவு பங்கு என்பது பற்றி வல்லுநர்களிடையே விவாதம் உண்டு. ஆனால், ஆய்விதழில் வெளியான அறிவு ஒவ்வொரு குடிசையையும் ஆண்டுதோறும் சென்றடைந்தால்தான் பயன் தரும் என்பதில் விவாதம் இல்லை. அரசு ஊழியர் வீட்டுக்கு வருவது சில நாள்களில் மட்டுமே. அவ்வீட்டுப் பள்ளி மாணவரோ நாள்தோறும் அங்கே இருப்பவர். தம்பி தங்கையை இரவில் எழுப்பி உணவூட்ட வேண்டியது ஏன் என்பதைக் காரணத்துடன் அறிந்த மாணவர் ஒருவர் வீட்டில் இருப்பது எத்தகைய பாதுகாப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு வகுத்தல் கணக்கு

நோய்க்கிருமி கண்டறியப்படுவதற்குக் காத்திராமல், எண்ணிக்கையைக் கொண்டே நோயின் வழியைக் கண்டறிய முடியும் என்பதற்கு இலண்டன் நகர மருத்துவர் ஜான் ஸ்நோ சான்று. 1854ஆம் ஆண்டுக் காலராவின்போது, பிராட் தெருவின் அடிகுழாய் நீரே அப்பகுதி மரணங்களுக்குக் காரணம் என்று அவர் காட்டிய செய்தி பலரும் அறிந்தது. அத்தெருவிலேயே இருந்த பீர் ஆலையின் தொழிலாளர்கள் தப்பியது எப்படி என்று அவர் விசாரித்தார். அவர்கள் அக்குழாய் நீரைப் பருகவில்லை என்று தெரிந்தது. நோயுறாதவரைக் கேட்டதில் கிடைத்த விடை அது.

அவரது மற்றோர் ஆய்வு வகுப்பறைக்கு இன்னும் ஏற்றது. இலண்டனின் தென்பகுதியில் இரண்டு தனியார் நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குடிநீர் வழங்கின. ஒன்று நகரின் கழிவு கலந்த தேம்சு ஆற்று நீரை எடுத்தது. மற்றொன்று 1852இல் ஆற்றின் மேற்பகுதிக்குத் தன் நீரேற்றும் இடத்தை மாற்றிக்கொண்டது. நோய் தொடங்கிய முதல் ஏழு வாரங்களில், முதல் நிறுவனம் நீர் வழங்கிய 40,046 வீடுகளில் 1,263 பேர் காலராவால் இறந்தனர். இரண்டாவது நிறுவனம் நீர் வழங்கிய 26,107 வீடுகளில் 98 பேர் இறந்தனர். பத்தாயிரம் வீடுகளுக்கு இறப்பு எத்தனை என்று ஒரு மாணவர் வகுத்துப் பார்த்தால், ஒருபுறம் 315 என்றும் மறுபுறம் 37 என்றும் விடை வரும். இராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனித்துப் பிரித்தது 1884இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே, நீரை மாற்றினால் உயிர்கள் தப்பும் என்பதை ஒரு வகுத்தல் கணக்கு உணர்த்திவிட்டது.

அண்மைக்காலத் தேவை ஒன்றும் உண்டு. ஓர் ஊரில் 1,000 பேர் எனக் கொள்வோம். 900 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டனர். 100 பேர் போட்டுக்கொள்ளவில்லை. நோய் பரவியபோது முதல் பிரிவில் 45 பேரும் இரண்டாம் பிரிவில் 20 பேரும் நோயுற்றனர். ‘நோயுற்ற 65 பேரில் 45 பேர் தடுப்பூசி போட்டவர்களே’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவினால், அதில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. ஆனால் அது உணர்த்த விரும்பும் கருத்து முழுப்பொய். முதல் பிரிவில் நோயுற்றோர் நூற்றுக்கு ஐவர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு இருபதின்மர். பெருந்தொற்றுக் காலத்தில் இத்தகைய செய்திகளைப் படித்தவர்களும் நம்பிப் பரப்பினர். ஒரு மாணவர் இக்கணக்கை ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்த்துவிட்டால், பின்னர் அவரை இவ்வாறு ஏமாற்றுவது எளிதன்று.

கூட்டு வட்டியைக் கற்கும் மாணவருக்குத் தொற்றின் வேகமும் விளங்கும். ஒருவர் இருவருக்கு நோயைத் தந்தால், பத்துச் சுற்றுகளுக்குப் பின் ஒன்று 1,024 ஆகிறது. மாறாக, 100 நோயாளிகள் உள்ள ஊரில், ஒருவரால் சராசரியாக 0.9 பேருக்கே நோய் பரவுமாறு கட்டுப்படுத்திவிட்டால், பத்தாம் சுற்றில் புதிய நோயாளிகள் ஏறத்தாழ 35 பேராகக் குறைவர். ஒன்றுக்குச் சற்று மேலே இருப்பதற்கும் சற்றுக் கீழே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. கடனில் வட்டி வளர்வதைக் கண்டு அஞ்சும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

மாணவர் ஆற்றிய பணி

இவையெல்லாம் சிறுவர்களுக்கு எதற்கு என்று கேட்போர் நம் நாட்டின் வரலாற்றையே நோக்கலாம். பெரியம்மை ஒழிப்பின் இறுதிக்கட்டத்தில், 1973ஆம் ஆண்டு முதல், சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக நோயாளிகளைத் தேடிச் சென்றனர். அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைச் சந்தைகளிலும் பள்ளிகளிலும் காட்டி, இவ்வாறு யாரையேனும் கண்டதுண்டா என்று வினவினர். மறைக்கப்பட்ட நோயாளிகளைக் கண்டறிவதில் பள்ளிச் சிறுவர் தந்த தகவல்கள் பயன்பட்டன. 1975ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை.

நரம்புச் சிலந்தி என்று நம் முன்னோர் அறிந்திருந்த நோயையும் நினைவுகூரலாம். குடிநீர் வழியே உடலுக்குள் சென்று, நீண்ட புழுவாக வளர்ந்து, தோலைத் துளைத்து வெளிவரும் கொடிய நோய் அது. அதற்குத் தடுப்பூசி இல்லை. அதை ஒழிக்கும் மருந்தும் இல்லை. நீரைத் துணியால் வடிகட்டுதல், மக்கள் இறங்கி நீரெடுக்கும் படிக்கிணறுகளுக்கு மாற்றாக வேறு குடிநீர் வசதி செய்தல், ஒவ்வொரு நோயாளியையும் எண்ணிப் பதிவு செய்தல் ஆகியவற்றாலேயே அது வெல்லப்பட்டது. கடைசி நோயாளி 1996ஆம் ஆண்டு இராசத்தானில் பதிவானார். 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயற்ற நாடெனச் சான்றளிக்கப்பட்டது. மக்கள் காரணத்தை அறிந்து நடந்ததே அங்கு மருந்தாயிற்று.

தடைகளும் விடைகளும்

ஏற்கெனவே சுமை மிகுந்த பாடத்திட்டத்தில் இதற்கு இடமேது என்பது நியாயமான கேள்வி. நாம் ஏன் நோயுறுகிறோம் என்பதை விளக்கிய ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, சுமைக் குறைப்பின் ஒரு பகுதியாக, 2022ஆம் ஆண்டில் நீக்கியது. பெருந்தொற்றின் நினைவு மறையாத காலத்தில் அப்பாடமே நீங்கியது வருந்தத்தக்கது. எனினும் நான் வேண்டுவது புதிய பாடநூலன்று. விழுக்காட்டுக் கணக்குகள், சராசரி, வரைபடம், கூட்டு வட்டி ஆகியவை ஏற்கெனவே கற்பிக்கப்படுகின்றன. பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் மாணவர்கள் பொருளியலுக்கான புள்ளியியலையும் கற்கின்றனர். இலாபநட்டக் கணக்குகள் பத்துக்கு இடையே தடுப்பூசிக் கணக்கு ஒன்றையும் குடிநீர்க் கணக்கு ஒன்றையும் சேர்ப்பதில் சுமை கூடாது. கணக்குக்கு உயிர் கூடும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ‘நோய்த் துப்பறிவோர்’ என்னும் பயிற்சி முகாமை நடத்திவருகிறது. நம் மாவட்டச் சுகாதார அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இடையே அத்தகைய தொடர்பு ஏற்படுவது கடினமன்று.

நோயையும் மரணத்தையும் பற்றிப் பேசினால் பிள்ளைகள் அஞ்சுவர் என்பது மற்றொரு மறுப்பு. பிள்ளைகள் நோயையும் மரணத்தையும் வீட்டில் கண்டவர்களே. காரணம் தெரியாத நிலைதான் அச்சத்தைப் பெருக்குகிறது. காரணத்தைத் தேடும் முறை கைவந்தால் அச்சம் எச்சரிக்கையாக மாறுகிறது.

மூன்றாவது மறுப்பே என் நோக்கில் வலிமையானது. வகுப்பில் கணக்கெடுப்பு நடத்தினால், காலையில் உணவின்றி வந்த மாணவர் யார், வீட்டில் கழிப்பறை இல்லாதவர் யார் என்பவை வெளிப்பட்டு, அவர்கள் கூனிக்குறுக நேரிடலாம். இது உண்மையான இடர். வங்கியில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை மற்றவருக்குக் கூறக் கூடாது என்பது எங்களுக்கு விதி. அதே விதி வகுப்பறைக்கும் வேண்டும். பெயரெழுதாத தாளில் விடைகளைப் பெற்று, தொகையை மட்டும் பலகையில் எழுதலாம். பிறர் துன்பத்தை எண்ணும்போது அவர் மானத்தைக் காக்க வேண்டும் என்பதும் இத்துறையின் பாடங்களுள் ஒன்று. அதை இளமையிலேயே கற்பது நல்லது.

பெற்றோர் செய்யக்கூடியவை

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. செய்தித்தாளில் நோய் பற்றிய எண் வரும்போது, ‘எத்தனை பேரில்?’ என்று பிள்ளையிடம் கேட்கலாம். தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு என்றால், எந்தெந்த வீடுகள், எந்தக் குழாய், எந்த நாள் என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்லலாம். நோய் வராத வீடுகளையும் குறிக்கச் சொல்லலாம். தெளிவு கிடைத்தால் நகராட்சி அலுவலகத்துக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ அத்தாளை எடுத்துச் செல்லலாம். பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அதன் காரணத்தையும் பிள்ளைகளுக்குக் கூறலாம். இறந்தவரின் வைப்புத்தொகையைப் பெறுவதற்கான ஆவணமாகவே இறப்புச் சான்றிதழை வங்கி முகப்பில் நாங்கள் காண்கிறோம். ஆனால் அதன் பின்னணியில் உள்ள பதிவேடு நாட்டின் நலவாழ்வுப் பேரேடு. பதிவான இறப்புகளிலும், காரணம் மருத்துவர் சான்றுடன் குறிக்கப்படுவது நம் நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே. வரவு செலவுப் பதிவுகளில் முக்கால் பங்குக்கு விளக்கமே இல்லாத ஒரு கணக்கேட்டை எந்தத் தணிக்கையாளர் ஏற்பார்?

இப்பொருளை ஒரு வங்கி இதழில் எழுதுவதற்குக் காரணமும் உண்டு. முதிர்வு நாளுக்குப் பல மாதங்கள் இருக்கையில் வைப்புத்தொகையை முடித்துக்கொள்ள வருவோரிடம் காரணம் கேட்டால், மருத்துவச் செலவு என்னும் விடையை அடிக்கடி கேட்கிறோம். பிள்ளையின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை சில நாள் மருத்துவமனை வாசத்தில் கரைந்துவிடுகிறது. அந்நோய்கள் யாவும் தடுக்கத்தக்கவை அல்ல. தூய நீராலும், தடுப்பூசியாலும், கொசு ஒழிப்பாலும், உரிய நேரத்தில் கிடைத்த ஓர் எச்சரிக்கையாலும் தடுக்கத்தக்கவை அவற்றுள் பல உண்டு. மருத்துவக் காப்பீடு செலவை ஈடுசெய்யும். நோயைத் தடுப்பது அறிவே.

நம் பிள்ளைகள் அனைவரும் மருத்துவராகப் போவதில்லை. அவர்களுள் சிலர் ஆசிரியராவர், சிலர் வணிகராவர், சிலர் ஊராட்சி மன்ற உறுப்பினராவர், சிலர் என்னைப் போல் வங்கி அலுவலராவர். அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில் முடிவெடுக்கப்போவோர் அவர்களே. அன்று அவர்கள் முன் எண்கள் குவியும். அவற்றுள் எதை நம்புவது, எதை ஒதுக்குவது, யாரை இன்னும் கேட்கவில்லை என்று தீர்மானிக்கும் திறனை இப்போதே, அவர்கள் வகுத்தல் கணக்குப் போடும் வயதிலேயே, அளித்துவிடுவோம்.